உறக்கம் இழந்த மன்னன்

பள்ளிக்கூட உபாத்தியாயர் பாடம் சொல்லிக் கொடுப்பதோடு நின்றுவிட முடிவதில்லை. வேளை வந்தால் அவர் நீதிபதியாகவும் அமர வேண்டியிருக்கிறது. சென்ற ஆண்டு என்னிடம் அப்படி ஒரு வழக்கு வந்து சேர்ந்தது. எட்டாம் வகுப்பில் ஒரு பையனுடைய பேனா காணாமற் போயிற்று. வெளியூரிலிருந்து வந்த மாமா வாங்கிக் கொடுத்த பேனா அது. வகுப்பு முழுவதற்கும் காட்டி அவன் பெருமைப்பட்டு இரண்டு நாள்கூட ஆகவில்லை. தேடிப் பார்த்ததில், அவனுக்குப் பக்கத்திலேயே உட்காரும் நண்பனின் பையில் அது அகப்பட்டது.

எடுத்தவனை அழைத்துக் கேட்டேன். "அவன்தான் பெஞ்சின்மேல் வைத்துவிட்டுப் போனான், சார். வைக்காமல் இருந்தால் நான் எடுத்திருக்க மாட்டேன்" என்றான். மறுநாள் அவன் தகப்பனார் வந்தார். "அவன் ஜாதகம் அப்படி, வாத்தியார் ஐயா. இந்த வருஷம் ஏதாவது அபவாதம் வரும் என்று ஜோசியர் முன்பே சொல்லிவிட்டார்" என்று கண் கலங்கினார். அருகில் இருந்த சக ஆசிரியர் ஒருவர், அந்தத் தகப்பனார் போன பிறகு, "சிலருக்கு அது பிறவிக் குணம், சார். நாம் என்ன செய்தாலும் திருந்தாது" என்று தீர்ப்பையே எழுதிவிட்டார்.

ஆக, ஒரு பேனாவுக்கு மூன்று விடைகள் கிடைத்தன. சூழ்நிலை என்றான் பையன். விதி என்றார் தந்தை. சுபாவம் என்றார் ஆசிரியர். மூன்று விடைகளும் ஒரு காரியத்தில் ஒற்றுமைப்பட்டிருந்தன: பேனாவை எடுத்த குற்றம் எடுத்தவனைச் சேராமல் அவை பார்த்துக்கொண்டன. இத்தனை பேர் சேர்ந்து விடுவித்த பிறகு அந்தப் பையன் மனம் தெளிந்திருக்க வேண்டும் அல்லவா? ஆனால் அவன் முகத்தை நான் பார்த்தேன். விடுதலை பெற்றவனுடைய முகமாக அது தோன்றவில்லை.

அன்றிரவு, கல்லூரி நாட்களில் படித்த ஒரு பழைய வரலாறு என் நினைவுக்கு வந்தது. ஏறக்குறைய 2,400 ஆண்டுகளுக்கு முன்பு, பேனாவைப் போன்ற சிறு பொருளை அல்ல, தந்தையின் உயிரையே எடுத்துவிட்ட ஒரு மன்னன், அக்காலத்துப் பெரிய ஆசான்கள் அனைவரிடமும் ஒருவர்பின் ஒருவராகச் சென்ற வரலாறு அது. பாவம் என்று ஒன்று உண்டா, மனிதன் தன் செயலுக்குப் பொறுப்பாளியா என்பது பற்றி நம் நாட்டில் நடந்த வாதங்களில், மிகப் பழமையான பதிவுகளுள் ஒன்று அதில் இருக்கிறது. பாலி மொழியில் உள்ள தீக நிகாயத்தில் 'சாமஞ்ஞபல சுத்தம்' என்ற இரண்டாவது பகுதியில் அதை இன்றும் படிக்கலாம்.

தந்தையும் மைந்தனும்

மகத நாட்டின் தலைநகர் ராஜகிருஹம். இன்று பீகார் மாநிலத்தில் ராஜ்கிர் என்ற பெயருடன், மலைகள் சூழ்ந்து, வெந்நீர் ஊற்றுகளுடன் விளங்கும் ஊர் அதுவே. அங்கே அரசாண்ட பிம்பிஸாரன் புத்தருக்கும் மகாவீரருக்கும் சமகாலத்தவன். இரு சமயத்தாருமே அவனைத் தம்மவன் என்று உரிமை கொண்டாடுகிறார்கள் என்றால், அவன் எப்படிப்பட்ட மன்னனாக இருந்திருக்க வேண்டும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

அவனுடைய மகன் அஜாதசத்ரு. 'பகைவனே பிறவாதவன்' என்பது அந்தப் பெயரின் பொருள். பகைவன் வெளியில் பிறக்கவில்லை என்பது மெய்தான். தந்தைக்குப் பகைவனாக அவனே பிறந்திருந்தான். புத்தரின் உறவினனும் அவருக்கு எதிராகச் சங்கத்தைப் பிளந்தவனுமான தேவதத்தன் அவன் மனத்தில் ஆசையை வளர்த்தான் என்று பௌத்த நூல்கள் கூறுகின்றன. தந்தை தாமாகவே அரசைக் கொடுத்தும் மகனுக்கு நிம்மதி ஏற்படவில்லை. கிழவரைச் சிறையில் அடைத்து, உணவை நிறுத்திவிட்டான்.

கி.பி. 5-ஆம் நூற்றாண்டில் இலங்கையில் இருந்து உரை எழுதிய புத்தகோஷர் அடுத்து நடந்ததை விவரிக்கிறார். பட்டத்தரசி தன் ஆடையில் மறைத்துக் கொஞ்சம் உணவு கொண்டுபோனாள், அது தடுக்கப்பட்டது. கூந்தலில் மறைத்தாள், அதுவும் தடுக்கப்பட்டது. கடைசியில் அவள் உள்ளே போவதே நின்றது. அப்படியும் பிம்பிஸாரன் சிறைக்குள் உலாவியவாறே தியானத்தில் உயிர் தரித்திருந்தான். அதைக் கேட்ட மகன், நாவிதரை அனுப்பித் தந்தையின் பாதங்களை அறுக்கச் செய்தான்.

பிம்பிஸாரன் இறந்த அன்றே அஜாதசத்ருவுக்கு மகன் பிறந்தான் என்கிறது அந்த உரை. இரு செய்திகளும் ஒரே வேளையில் அரண்மனைக்கு வந்தன. அமைச்சர்கள் பிறப்புச் செய்தியை முதலில் கொடுத்தார்கள். மகன் பிறந்தான் என்று கேட்டதும் மன்னனுடைய உள்ளத்தில் இதுவரை அறியாத ஓர் அன்பு பொங்கிற்று. நான் பிறந்தபோது என் தந்தைக்கும் இப்படித்தானே இருந்திருக்கும் என்று எண்ணி, உடனே அவரை விடுதலை செய்யக் கட்டளையிட்டான். அமைச்சர்கள் ஒன்றும் பேசாமல் இரண்டாவது ஓலையை நீட்டினார்கள்.

அவன் தாயிடம் ஓடினான். தந்தைக்கு என்மேல் அன்பு இருந்ததா என்று கேட்டான். குழந்தையாக இருந்தபோது அவன் விரலில் ஒரு கட்டி புறப்பட்டு வலியால் கதறியதையும், நியாயசபையில் அமர்ந்திருந்த தந்தை அந்த விரலைத் தம் வாயில் வைத்து இதமளித்ததையும், கட்டி வாய்க்குள்ளேயே உடைந்தபோது குழந்தைக்கு நோகுமே என்று விரலை எடுக்காமல் சீழை விழுங்கிவிட்டதையும் அவள் சொன்னாள்.

சமணர் இந்தக் கதையை வேறு விதமாகச் சொல்கிறார்கள். மனம் மாறிய மகன் தந்தையின் விலங்கை உடைக்கக் கையில் கோடரியுடன் ஓடினான். கொல்ல வருகிறான் என்று எண்ணிய தந்தை தாமே உயிரை மாய்த்துக்கொண்டார் என்பது அவர்கள் மரபு. எந்தக் கதையை எடுத்துக்கொண்டாலும், மகனுடைய மனமாற்றம் ஒரு கணம் தாமதித்தே வந்தது என்பதில் வேறுபாடு இல்லை. ராஜ்கிரில் பருத்த கற்சுவர்களின் அடித்தளம் ஒன்றைக் காட்டி, 'பிம்பிஸாரன் சிறை' என்று இன்றும் சொல்கிறார்கள். புத்தர் தங்கியிருந்த கிருத்ரகூட மலை அங்கிருந்து கண்ணுக்குத் தெரிகிறது.

கௌமுதி இரவு

அதன் பிறகு அஜாதசத்ருவுக்கு உறக்கம் வரவில்லை. கண்ணை மூடினால் ஈட்டிகள் பாய்வது போன்ற வேதனை அவனை எழுப்பிவிடும் என்று உரைகாரர் எழுதுகிறார். இந்த நிலையில் கார்த்திகை மாதத்துப் பௌர்ணமி வந்தது. மழைக்காலம் முடிந்து, வானம் கழுவி விட்டதுபோல் தெளிந்திருந்தது. ஆம்பல் மலரும் பருவம் ஆதலால் அதைக் கௌமுதி என்பார்கள். மன்னன் மாளிகையின் மேல்மாடத்தில் அமைச்சர் சூழ அமர்ந்திருந்தான். நிலவின் அழகை வியந்தான். பிறகு, இன்று எந்த முனிவரைக் காணச் சென்றால் என் மனம் அமைதி பெறும் என்று கேட்டான்.

அந்தக் கேள்வியில்தான் அவன் நோய் வெளிப்படுகிறது. அமைதி உள்ளவன் நிலவைப் பார்த்துவிட்டுத் தூங்கப் போவான்; முனிவரைத் தேட மாட்டான். ஆறு அமைச்சர்கள் ஆறு ஆசான்களின் பெயரைச் சொன்னார்கள். ஒவ்வொரு பெயருக்கும் மன்னன் மௌனமாகவே இருந்தான். ஏனென்றால் அவர்கள் எல்லோரிடமும் அவன் முன்பே போய் வந்திருந்தான். கடைசியில், வாய் திறவாமல் ஒரு பக்கம் அமர்ந்திருந்த அரண்மனை வைத்தியன் ஜீவகனைப் பார்த்து, நீ ஏன் பேசவில்லை என்று கேட்டான். தன் மாந்தோப்பில் புத்தர் 1,250 துறவிகளுடன் தங்கியிருக்கிறார் என்று ஜீவகன் சொன்னான்.

யானைகள் அணிவகுத்தன, தீவட்டிகள் ஏற்றப்பட்டன. தோப்பை நெருங்கியபோது மன்னனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்டவர் இருக்கும் இடத்தில் ஒரு தும்மல், ஓர் இருமல்கூடக் கேட்கவில்லையே. ஜீவகன் நம்மைப் பகைவரிடம் காட்டிக் கொடுக்க அழைத்து வந்தானோ என்று அஞ்சினான். தந்தையை வஞ்சித்தவனுக்கு எந்த நிழலும் வஞ்சனையாகவே தோன்றுகிறது. அஞ்ச வேண்டாம், அதோ மண்டபத்தில் விளக்குகள் எரிகின்றன என்று வைத்தியன் அவனை அழைத்துச் சென்றான்.

தெளிந்த ஏரியைப் போல் அமர்ந்திருந்த அந்தக் கூட்டத்தைக் கண்டதும் மன்னன் வாயிலிருந்து முதலில் வந்த சொல், தன் மகன் உதாயிபத்திரனுக்கு இந்த அமைதி கிடைக்க வேண்டும் என்பதுதான். தந்தைக்குத் தான் செய்ததைத் தன் மகன் தனக்குச் செய்துவிடுவானோ என்ற பயம் அதனுள் ஒளிந்திருந்ததென்று உரைகாரர் குறிப்பிடுகிறார். பிற்காலத்து இலங்கை நூலாகிய மகாவம்சத்தின்படி அந்தப் பயம் பலித்தும் விட்டது.

ஆறு ஆசான்கள்

மன்னன் தன் பாவத்தைப் பற்றி நேராகக் கேட்கவில்லை. சுற்றி வளைத்துக் கேட்டான். யானைப்பாகன், தேர்ப்பாகன், சமையற்காரன், நாவிதன், வண்ணான், குயவன், கணக்கன் ஆகிய ஒவ்வொருவனுக்கும் அவன் தொழிலின் பயன் கண்கூடாகத் தெரிகிறது; அதுபோலத் துறவுக்குக் கண்கூடான பயன் ஏதேனும் உண்டா என்பது அவன் கேள்வி. நல்வழியில் நடப்பதால் மனிதன் உண்மையில் மாறுகிறானா என்பதே அதன் உட்கருத்து. இதை வேறு யாரிடமேனும் கேட்டதுண்டா என்றார் புத்தர். மன்னன் ஆறு பேருடைய விடைகளையும் எடுத்துரைத்தான்.

பூரண காசியபர் சொன்னது இது: கொன்றாலும், கொளுத்தினாலும், உலகத்து உயிர்களையெல்லாம் ஒரே இறைச்சிக் குவியல் ஆக்கினாலும் பாவம் இல்லை; கங்கைக்கரை முழுவதும் தானம் செய்துகொண்டே போனாலும் புண்ணியமும் இல்லை. அஜித கேசகம்பலர், மனிதன் நான்கு பூதங்களின் சேர்க்கை. இறந்தால் அவை பிரிந்துபோகும். நன்மை தீமைக்குப் பயன் அனுபவிக்க மிஞ்சுகிறவன் எவனும் இல்லை என்றார். பகுத காத்தியாயனர், அழியாத ஏழு பொருள்களே உண்டு. கூரிய வாளால் ஒருவன் தலையை வெட்டினாலும் வாள் அந்தப் பொருள்களின் இடைவெளியில் நுழைந்து போகிறதே தவிர, கொன்றவனும் இல்லை, கொலையுண்டவனும் இல்லை என்றார்.

ஆசீவகரின் தலைவரான மற்கலி கோசாலர் சொன்னது இவை எல்லாவற்றிலும் ஆழமானது. மனிதன் கெடுவதற்கும் காரணம் இல்லை, தூயவனாவதற்கும் காரணம் இல்லை. முயற்சி என்று ஒன்று இல்லை. விதி, சூழ்நிலை, சுபாவம் ஆகிய மூன்றும் சேர்ந்து அவனை உருட்டுகின்றன. எறிந்த நூற்பந்து நூல் தீரும்வரை உருண்டு நிற்பதுபோல், 84 லட்சம் மகா கல்பங்கள் உருண்டு முடிந்தபின் அறிவாளியும் மூடனும் ஒன்றாகவே துன்பம் நீங்குவார்கள் என்பது அவர் கொள்கை. நேயர்கள் கவனிக்க வேண்டும்: ஒரு பேனாவுக்காக எங்கள் பள்ளிக்கூடத்தில் எழுந்த மூன்று விடைகளையும் அந்த ஆசான் அன்றே சேர்த்துக் கட்டி வைத்திருந்தார்.

ஐந்தாமவர் நிகண்ட நாதபுத்திரர், அவரே மகாவீரர். அவர் நால்வகை அடக்கத்தைப் போதித்தார் என்று மட்டும் இந்த நூல் சுருக்கமாகச் சொல்கிறது. ஆறாமவரான சஞ்சயர் உண்டு என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எந்தப் பக்கமும் பிடிபடாமல் நழுவினார். மாமரத்தைப் பற்றிக் கேட்டவனுக்கு வேறொரு மரத்தைப் பற்றி விடை சொன்னது போலிருந்தது என்று மன்னன் ஒவ்வொரு முறையும் முறையிடுகிறான். ஆயினும் தன் நாட்டில் வாழும் துறவியை அவமதிக்கலாகாது என்று, ஏற்காமலும் மறுக்காமலும் எழுந்து வந்துவிட்டான்.

இங்கே ஒரு நியாயம் சொல்லியாக வேண்டும். இந்த விடைகளெல்லாம் எதிர்க்கட்சியின் ஏட்டில் பதிவானவை. மகாவீரருடைய சமயத்தைப் போல் வினைக்கு மனிதனைப் பொறுப்பாளியாக்கிய சமயம் வேறொன்று உண்டா என்பதே சந்தேகம். முயற்சி வீண் என்ற ஆசீவகர்களும் கடுமையான தவம் செய்தார்கள். அந்தத் தவமும் விதியில் உள்ளதே என்று அவர்கள் கொண்டிருக்கலாம். அவர்கள் மதிப்பற்றவர்களாக இருந்திருந்தால், அசோகச் சக்கரவர்த்தி தம் 12-ஆம் ஆட்சியாண்டில் கயைக்கு வடக்கே பராபர் மலையில், கண்ணாடிபோல் மெருகிட்ட குகைகளை அவர்களுக்குத் தானம் செய்திருக்க மாட்டார்.

தமிழ்நாட்டில் ஆசீவகர்

அந்த ஆசீவகம் கங்கைக்கரையோடு நின்றுவிடவில்லை. தமிழ்நாட்டிற்கும் வந்து பல நூற்றாண்டுகள் வாழ்ந்தது. மணிமேகலை வஞ்சி நகரில் சமயவாதிகளின் கொள்கைகளைக் கேட்டபோது ஆசீவகவாதியும் அவர்களில் ஒருவனாக இருந்தான். நீலகேசியில் ஆசீவக வாதத்திற்குத் தனிச் சருக்கமே உண்டு. 13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் பரபக்கத்தில் அதை மறுக்க வேண்டியிருந்தது.

சிலப்பதிகாரத்தில் ஒரு சிறு செய்தி வருகிறது. கோவலனுக்கும் கண்ணகிக்கும் நேர்ந்ததைக் கேட்ட கோவலன் தந்தை மாசாத்துவான் பொருளையெல்லாம் தானம் செய்துவிட்டுப் பௌத்தத் துறவியானார். கண்ணகியின் தந்தை மாநாய்கன் ஆசீவகரிடம் சென்று அறம் கொண்டார். மகளை இழந்த அந்த வணிகர் ஏன் விதியே எல்லாம் என்ற சமயத்தை நாடினார் என்று நூல் சொல்லவில்லை; சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. பாவம் செய்யாமலே துயரம் அடைந்தவர் அவர். யாரை நொந்துகொள்வது என்று தெரியாத மனத்திற்கு, யாரையும் நொந்துகொள்ள வேண்டாம் என்ற கொள்கை ஒரு புகலிடம்.

ஆனால் அதே நூலில் பாண்டியன் நெடுஞ்செழியனும் இருக்கிறான். கண்ணகியின் சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்தபோது, பொற்கொல்லன் என்னை ஏமாற்றினான் என்று அவன் சொல்லியிருக்கலாம். அது முழு உண்மையும்கூட. ஊழ்வினை என்று சொல்லியிருக்கலாம்; அந்தக் காவியத்தின் கருத்தே அதுதான். அவன் இரண்டையும் சொல்லவில்லை. கள்வன் தானே என்று சொல்லி வீழ்ந்தான். அதனால்தான் அநீதி செய்த மன்னனாக இருந்தும் நம் மக்கள் அவனை வெறுப்பதில்லை.

விடுதலை ஏன் இனிக்கவில்லை?

மீண்டும் அஜாதசத்ருவிடம் வருவோம். அறுவரில் நால்வர் சொன்னதை ஏற்றுக்கொண்டால் அவன் குற்றவாளியே அல்ல. ஒருவர் கணக்கில் பாவமே இல்லை. ஒருவர் கணக்கில் மறுமை இல்லை. ஒருவர் கணக்கில் கொலையே இல்லை. ஒருவர் கணக்கில் செய்தவன் விதியின் நூற்பந்து. தந்தையைக் கொன்ற மகனுக்கு இதைவிடச் சாதகமான தீர்ப்பை எந்த வக்கீல் வாங்கித் தர முடியும்? மெய்யாகவே குற்றத்திலிருந்து தப்ப விரும்பியிருந்தால், முதல் ஆசானிடமே அவன் தங்கியிருப்பான். ஆறு வாசல் ஏறி இறங்கியிருக்க மாட்டான்.

அவன் ஏன் தங்கவில்லை? என் சிற்றறிவுக்குத் தோன்றுவது இது. அந்த ஆசான்கள் பாவத்தை நீக்கும்போது பாவம் செய்தவனையும் சேர்த்தே நீக்கிவிட்டார்கள். நான் செய்யவில்லை, விதி செய்தது என்றால், நான் வருந்துவதற்கும் இடமில்லை, திருந்துவதற்கும் இடமில்லை. தந்தையின் விரல் வைத்தியத்தைக் கேட்டு அழுதானே, அந்த அழுகைக்கும் பொருளில்லை. மகன் பிறந்தபோது பொங்கிய அன்பும் நூற்பந்தின் ஓர் உருளல்தான். குற்ற உணர்ச்சி முள்ளாகக் குத்திற்று என்பது மெய். ஆனால் அவனிடம் இன்னும் ஒரு மகன் உயிரோடு இருக்கிறான் என்பதற்கு அந்த முள் ஒன்றுதான் சாட்சி. அதைப் பறித்துக்கொள்ள அவன் உடன்படவில்லை.

மாந்தோப்பில் கிடைத்த விடை

புத்தர் தத்துவ விவாதத்தில் இறங்கவில்லை. மன்னனிடம் எதிர்க்கேள்வி ஒன்று கேட்டார். உன் அடிமை ஒருவன், நானும் மனிதன்தானே என்று எண்ணி, உன்னை விட்டு நீங்கித் துறவியாகி, நல்லொழுக்கத்தில் வாழ்கிறான் என்று வைத்துக்கொள். அவனைத் திரும்ப வந்து அடிமை வேலை செய்யச் சொல்வாயா? மாட்டேன், நானே எழுந்து வணங்குவேன் என்றான் மன்னன். மனிதன் மாற முடியும் என்பதற்கு மன்னன் வாயிலிருந்தே சாட்சியம் வந்துவிட்டது. பிறந்த நிலை, இருந்த நிலை, எழுதிய நிலை எதுவாயினும், எடுத்து வைக்கும் அடியால் மனிதன் வேறொருவன் ஆகிறான் என்பதுதான் அந்த விடையின் சாரம்.

பிறகு ஒழுக்கம், புலனடக்கம், தியானம் என்று படிப்படியாகச் சொல்லிச் சென்றார். உள்ளத்தின் தடைகள் நீங்கியவன் எப்படி மகிழ்கிறான் என்பதற்குக் கடன் தீர்ந்தவன், நோய் நீங்கியவன், சிறை மீண்டவன், அடிமை விலகியவன், பாலைவனம் கடந்தவன் என ஐந்து உவமைகள் கூறினார். சிறை மீண்டவன் என்ற சொல் அந்த மன்னன் செவியில் எப்படி விழுந்திருக்கும் என்பதை நாம் நினைத்துப் பார்க்கலாம்.

முடிவில், யாரும் கேளாமலே, அஜாதசத்ரு வாய் திறந்தான். அறவழியில் ஆண்ட என் தந்தையை, அரசாட்சிக்காகக் கொன்றேன் என்றான். அத்தனை துறவிகள் நடுவில், தன் பரிவாரத்தின் முன்னிலையில் சொன்னான். தேவதத்தன் பெயர் அவன் வாயில் வரவில்லை.

புத்தர் அதை மறுத்து ஆறுதல் சொல்லவில்லை. ஆம், மதிமயக்கத்தால் நீ பெரும் பிழை செய்தாய் என்று ஒப்புக்கொண்டார். பிழையைப் பிழை என்று கண்டு, இனிச் செய்யாதபடி தன்னை அடக்கிக்கொள்வதே வளர்ச்சி. ஆதலால் உன் சொல்லை ஏற்கிறோம் என்றார். நீ பாவப் பிறவி என்றும் சொல்லவில்லை; நீ பாவமே செய்யவில்லை என்றும் சொல்லவில்லை. செயலைக் குற்றம் என்றார். செய்தவனுக்கு வளர இடம் வைத்தார். அன்று முதல் மன்னனுக்கு உறக்கம் வந்தது என்கிறார் உரைகாரர்.

கதை இந்த இடத்தில் முடிந்திருந்தால் இனிமையாக இருக்கும். ஆனால் நூல் அப்படி முடிக்கவில்லை. மன்னன் போன பிறகு புத்தர் துறவிகளை நோக்கி, இவன் தன்னைத் தானே வெட்டிக்கொண்டவன். தந்தையைக் கொல்லாதிருந்தால் இந்த இடத்திலேயே இவனுக்கு மெய்யறிவின் கண் திறந்திருக்கும் என்றார். ஒப்புக்கொண்டதால் மனம் தெளிந்தது. ஆனால் செய்தது செய்யாததாகிவிடவில்லை. மன்னனும் முனிவனாகிவிடவில்லை. புத்தரின் இறுதி ஆண்டில்கூட அவன் வஜ்ஜி நாட்டைப் பிடிக்கத் திட்டமிட்டு, அமைச்சனை அவரிடமே அனுப்பியதாகப் பௌத்த நூல்களே கூறுகின்றன. இந்த நேர்மைக்காகவே அந்த நூல்களை நான் மதிக்கிறேன்.

பார்ஹுத் ஸ்தூபத்தின் கற்றூணில், கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே ஒரு சிற்பி இந்த இரவைச் செதுக்கி வைத்தான். யானைகள் வருகின்றன, மன்னன் இறங்குகிறான், ஓர் ஆசனத்தின் முன் மண்டியிடுகிறான். அக்காலச் சிற்பிகள் புத்தரை உருவமாகச் செதுக்குவதில்லை. ஆதலால் ஆசனம் வெறுமையாக இருக்கிறது. அஜாதசத்ரு பகவானை வணங்குகிறான் என்ற வாசகமும் அருகில் உண்டு. கல்கத்தாவில் உள்ள இந்தியப் பொருட்காட்சிசாலையில் அந்தத் தூணைக் காணலாம்.

நமக்கு என்ன?

விதியும் சூழ்நிலையும் சுபாவமும் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. வறுமை, வளர்ப்பு, சேர்க்கை, உடலின் அமைப்பு ஆகியவை மனிதனை எவ்வளவு தூரம் ஆட்டி வைக்கின்றன என்பதை இன்றைய விஞ்ஞானம் கோசாலரைவிட அதிகமாகவே எடுத்துக் காட்டுகிறது. வள்ளுவரும் 'ஊழ்' என்று ஓர் அதிகாரத்தை 38-ஆவதாக வைத்தார். 'ஆள்வினையுடைமை' என்று மற்றோர் அதிகாரத்தை 62-ஆவதாக வைத்தார். இரண்டில் ஒன்றை அவர் அடித்துவிடவில்லை. எதை எங்கே பயன்படுத்துவது என்பதுதான் கேள்வி.

நாம் பெரும்பாலும் அதைத் தலைகீழாகப் பயன்படுத்துகிறோம். நம் குற்றத்துக்குச் சூழ்நிலையைக் காரணம் காட்டுகிறோம். பிறர் துன்பத்துக்கு அவர்கள் வினையைக் காரணம் காட்டுகிறோம். நூற்றாண்டுகளாகத் தீண்டாமை நிலைத்ததற்கு இந்தத் தலைகீழ் நியாயமும் ஒரு காரணம். ஒதுக்கப்பட்டவர்களுக்கு முன்வினை என்று சொன்னோம். ஒதுக்கிய நமக்கு வழக்கம் என்று சொல்லிக்கொண்டோம். 1934-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் தேதி, அஜாதசத்ரு ஆண்ட அதே பீகாரைப் பூகம்பம் அழித்தபோது, திருநெல்வேலியில் பேசிய காந்தியடிகள், அது தீண்டாமைப் பாவத்துக்குக் கடவுள் தந்த தண்டனை என்றார். பூமியின் அதிர்ச்சிக்கும் மனிதனின் பாவத்துக்கும் முடிச்சுப் போடுவது பகுத்தறிவுக்கு ஒவ்வாது என்று தாகூர் கண்டித்தார். பூகம்பத்தைப் பொறுத்தவரை தாகூர் சொன்னதே சரி. ஆயினும் தீண்டாமை பாவம் என்பதிலும், அதைச் செய்தது விதியல்ல, நாமே என்பதிலும் அவ்விருவருக்கும் வேற்றுமை இருக்கவில்லை.

பிறர் குற்றத்தை எடைபோடும்போது அவர்கள் சூழ்நிலையைத் தேடிப் பார்ப்போம், அது கருணை. நம் குற்றத்தை எடைபோடும்போது நம்மையே பார்ப்போம், அது நேர்மை. இந்த இரண்டையும் இடம் மாற்றிவிட்டால் கருணை சாக்காகவும், நேர்மை கொடுமையாகவும் ஆகிவிடுகிறது.

அந்தப் பையனின் கதையையும் சொல்லி முடிக்கிறேன். ஒரு வாரம் கழித்து, பள்ளிக்கூடம் விட்ட பிறகு அவன் தனியாக வந்து நின்றான். "பெஞ்சின்மேல் இருந்ததனால் எடுக்கவில்லை, சார். எனக்கு வேண்டும் என்றுதான் எடுத்தேன்" என்றான். நான் வேதாந்தம் ஒன்றும் பேசவில்லை. தப்புதான் என்றேன், நாளைக்கு அவனிடமும் இதையே சொல் என்றேன். அவன் அப்படியே சொன்னான். பேனாவுக்கு உரியவன் கேட்டுக்கொண்டான். ஆனால் அந்த வருஷம் முடியும் வரை அவன் இவனுக்குப் பக்கத்தில் வந்து உட்காரவில்லை. அதைப் பார்க்க எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆயினும் அந்தக் காலியிடத்துக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்த பையன், முன்போலத் தலையைக் குனிந்துகொள்ளாமல், கேள்வி கேட்டால் எழுந்து நின்று என் கண்ணைப் பார்த்துப் பதில் சொன்னான்.